நாலரைக்கு எழ வேண்டும், பக்கத்தில் தூங்குபவர் விழிக்கக் கூடாது

சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது. உட்லண்ட்ஸில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கம்பெனி பஸ் காலை ஐந்தேகாலுக்கு வந்துவிடும். மனைவி மருத்துவமனையில் தாதி. மதிய ஷிஃப்ட் முடிந்து அவர் வீடு வந்து சேர இரவு பத்தரை, படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடுகிறது. நாலரைக்கு இவர் வைக்கும் அலாரத்தில் அவரும் விழித்துக்கொள்கிறார். சில நாள் இவர் எழாவிட்டால் அவர்தான் தட்டி எழுப்புகிறார். அதன் பிறகு அவருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. என்ன செய்யலாம்?

தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் இரவு வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்தை வைத்து, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சத்தமில்லாத அலாரம் வைப்பது சுலபம். அதைப் பிறகு பார்ப்போம். தம்பி, நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது, “சில நாள் அவர்தான் தட்டி எழுப்புகிறார்” என்ற வரி. உங்கள் மனைவியின் தூக்கம் முதலில் அங்கேதான் கெடுகிறது. நீங்கள் எழுந்துவிடுவீர்களா என்று அவருக்கு நிச்சயமில்லை. பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையை மனத்தில் வைத்துக்கொண்டேதான் அவர் கண்ணை மூடுகிறார். அதனால் நாலு மணியிலிருந்தே அவருடையது கோழித் தூக்கம்தான். அலாரம் அடிக்கவே இல்லை என்றாலும் அவர் விழிப்பார்.

இதற்கு உடம்பிலேயே சான்று உண்டு. ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலை ஆறு மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்க வைத்தவர்களுக்கு, ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏற ஆரம்பித்தது. விழிப்புக்கு உடம்பைத் தயார்படுத்துவதில் அந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. ஒன்பது மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கே எழுப்பியவர்களுக்கு அப்படி ஏறவில்லை. அதாவது, தூங்கிக்கொண்டிருக்கும்போதே உடம்பு நேரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. உங்களுக்கு இது நல்ல செய்தி. இத்தனை மணிக்கு எழுவேன் என்று உறுதியாகப் படுத்தால் உடம்பு ஒத்துழைக்கும். ஆனால் அதே வேலையை உங்கள் மனைவியின் உடம்பும் செய்துகொண்டிருக்கிறது. நாலரைக்கு அவருக்கும் ஒரு பொறுப்பு இருப்பதாக அது நினைக்கிறது.

ஆகவே முதல் வேலை, அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுவது. இருவருக்கும் விடுமுறையான ஒரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். “இனிமேல் நான் எழாவிட்டாலும் நீ எழுப்பக் கூடாது. பஸ்ஸை விட்டால் டாக்சிக் காசு என் பாடு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்தால் அவர் விட மாட்டார். தாதிகளுக்கு ஒரு சின்ன அசைவு கேட்டாலே எழுந்து பார்க்கும் பழக்கம் ஊறிப் போயிருக்கும். அப்புறம், நீங்கள் நிச்சயமாக எழுவதற்கு என்னென்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் காட்டுங்கள். முதல் ஒரு வாரம், பத்து நாள் அவர் பழக்கத்தில் விழிக்கத்தான் செய்வார். நீங்கள் தினமும் தானாக எழுந்து போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த எதிர்பார்ப்பு அடங்கும்.

இதனால்தான் ஸ்னூஸ் பட்டனை நான் முழுக்க வேண்டாம் என்கிறேன். ஐபோனில் வழக்கமாக ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தடவை மறுபடி அடிக்கும். உங்களுக்கு அது இன்னொரு குட்டித் தூக்கம். அவருக்கோ அடுத்து எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் ஒன்பது நிமிடம். மூன்று முறை அழுத்தினால் அரை மணி நேரம் அவர் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். அதற்குள் தூக்கத்துக்கான அசதி பாதி போய்விடும். ஒரே அலாரம், அது வந்ததும் எழுவது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நாலரை மணிக்கு அவர் தூக்கம் ஏன் அவ்வளவு லேசாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு, மூன்று சுற்றுகளிலேயே முடிந்துவிடும். அதன் பிறகு கனவு வரும் தூக்கமும் லேசான தூக்கமும்தான் மாறி மாறி வரும். பன்னிரண்டு மணிக்குப் படுத்தவருக்கு நாலரை என்றால் கிட்டத்தட்ட மூன்று சுற்று முடிந்திருக்கும். பகல் முழுக்க விழித்திருந்ததால் சேர்ந்த தூக்கப் பசி அதற்குள் நிறையத் தணிந்திருக்கும். நள்ளிரவு ஒரு மணிக்குக் கதவை அறைந்தாலும் எழாதவர், நாலரைக்கு ஒரு சாவிக்கொத்துச் சத்தத்துக்கு எழுவது இதனால்தான். எழுந்தால் திரும்பத் தூக்கம் வராததும் இதனால்தான். “அவளுக்கு எப்பவுமே லேசான தூக்கம்” என்று பல கணவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஆளைப் பொறுத்தது அல்ல, நேரத்தைப் பொறுத்தது.

பரிசோதனைக் கூடத்தில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தூங்குபவரின் தலையில் சின்னச் சின்ன மின்முனைகளை ஒட்டியிருப்போம். நாங்கள் பக்கத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். தாழ்வாரத்தில் யாராவது ஒரு கதவைச் சாத்தினால், அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் கோடுகளில் திடீரென்று ஒரு பெரிய அலை எழும்பி இறங்கும். படுத்திருப்பவர் அசைந்திருக்கக்கூட மாட்டார். காலையில் கேட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்பார். மூளை அந்தச் சத்தத்தைக் கவனித்து, ஆபத்தில்லை என்று தள்ளிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்திருக்கிறது. ஆனால் அந்த அலை அடங்குவதற்குள் இரண்டாவது, மூன்றாவது சத்தம் வந்தால் நிலைமை மாறும். கோடுகள் நெருக்கமாகி, இதயத் துடிப்பு ஏறி, ஆள் புரண்டு படுப்பார். பிறகு கண் திறக்கும்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு சத்தம் மன்னிக்கப்படும், தொடர்ச்சியாக வரும் நாலைந்து சத்தங்கள் மன்னிக்கப்படாது என்பது. அலமாரிக் கதவு, இழுப்பறை, பெல்ட் பக்கிள், பிளாஸ்டிக் பை, சாவி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் அவரை எழுப்புகிறது. இன்னொன்று, சத்தத்தின் அளவைவிட அதன் அர்த்தம் பெரிது. தூக்கத்தில் மற்றவர் பெயரைவிடச் சொந்தப் பெயருக்கு மூளை அதிகம் பதில் தருகிறது என்பது 1960-லேயே சோதித்துப் பார்த்த விஷயம். நீங்களும் அவரும் போனில் ஒரே அலாரம் டோனை வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். அந்த டோன் கேட்டால் எழ வேண்டும் என்று அவர் மூளை பழகியிருக்கும். அடுத்த அறையில் மெல்ல ஒலித்தாலும் அவருக்குக் கேட்கும்.

சரி, இப்போது அலாரத்துக்கு வருவோம்.

மணிக்கட்டில் கட்டும் அதிர்வுப் பட்டைதான் இருவர் படுக்கைக்குப் பொருத்தமானது. விலை குறைந்த ஃபிட்னஸ் பட்டையே போதும், பெரிய ஸ்மார்ட் வாட்ச் தேவையில்லை. வாரைக் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் அதிர்வு தோலில் படாமல் வீணாகும். அவர் பக்கம் இருக்கும் கையில் கட்டாமல் வெளிப்பக்கக் கையில் கட்டுங்கள். சார்ஜ் இல்லாமல் போவதுதான் இதில் வரும் பெரிய தொல்லை. அதனால் தினமும் இரவுச் சாப்பாட்டின்போது கழற்றிச் சார்ஜில் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு அதிர்வு வையுங்கள், மூன்று நிமிட இடைவெளியில். இரண்டாவது, முதல் அதிர்வை உணராவிட்டால் மட்டுமே.

அதோடு ஒரு காவல் அலாரம் கட்டாயம் வேண்டும். போனைப் படுக்கையறைக்குள் வைக்காமல் சமையலறைப் பக்கத்துக் குளியலறை அருகே வைத்து, நாலரைக்குப் பத்து நிமிடம் கழித்துச் சத்தமாக அடிக்கும்படி வையுங்கள். நீங்கள் சரியாக எழுந்தால் அது அடிப்பதற்குள் போய் அணைத்துவிடலாம். எழாவிட்டால் வீடே விழிக்கும். அதை நினைத்தே எழுவீர்கள். உங்கள் மனைவி நிம்மதியாகத் தூங்குவதற்கும் இந்த இரண்டாவது அலாரம்தான் காரணமாக இருக்கும், ஏனென்றால் நீங்கள் எழுவது இனி அவரை நம்பி இல்லை.

போனை அதிர்வில் போட்டுத் தலைமாட்டு மேசையில் வைப்பவர்கள் உண்டு. மரப் பலகையில் அதிரும் போன் மணிச் சத்தத்தைவிட மோசம், செய்யாதீர்கள். தலையணைக்கு அடியில், அதுவும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனை வைப்பது ஆபத்து. சூடு வெளியேற வழியில்லை. காது கேளாதவர்களுக்கென்று தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வான் கிடைக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் ஸ்பிரிங் மெத்தையில் அது இருவரையும் உலுக்கும். மெல்ல மெல்ல வெளிச்சம் கூடும் விளக்கு அலாரத்தைத் தனியாகப் படுப்பவர் வாங்கலாம். உங்களுக்கு வேண்டாம். லேசான தூக்கத்தில் இருக்கும்போது பார்த்து எழுப்புவதாகச் சில செயலிகள் சொல்கின்றன. கை அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துப் போடும் கணக்கு அது. தலையில் மின்முனை ஒட்டிப் பார்ப்பதற்கு ஈடாகாது. அதை நம்பி நேரத்தை முன்னே பின்னே தள்ள வேண்டாம்.

படுக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஸ்பிரிங் மெத்தையில் ஒருவர் எழுந்தால் மற்றவர் தூக்கிப்போடப்படுவார். தனித்தனிப் பையில் ஸ்பிரிங் வைத்த மெத்தையும் லேட்டக்ஸ் மெத்தையும் அசைவை அவ்வளவாகக் கடத்தாது. புது மெத்தை வாங்கும் நிலை வந்தால் ஒரு யோசனை. சிங்கப்பூர் அளவில் சிங்கிள் மெத்தையின் அகலம் 91 சென்டிமீட்டர், கிங் மெத்தை 182. ஒரே கட்டிலில் இரண்டு சிங்கிள் மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சரியாகக் கிங் அளவு வந்துவிடும். ஒருவர் புரள்வது மற்றவருக்குத் தெரியாது. கல்யாணமானவர்கள் ஒரே மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

காசு செலவில்லாதது, தனித்தனிப் போர்வை. ஏர்கான் அறையில் ஒரே போர்வையைப் பகிர்ந்து படுத்தால், நீங்கள் விலக்கி எழும் நொடியில் அவர் முதுகில் குளிர்காற்று படும். அந்த ஒன்றே எழுப்பப் போதும். கதவுப் பக்கம் நீங்கள் படுங்கள். கட்டில் கிரீச்சிட்டால் சட்டத்தின் திருகுகளை ஒரு தடவை இறுக்குங்கள். எழும்போது வயிற்றால் எம்பி எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். முதுகுவலிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே முறைதான். மெத்தை அதிகம் குலுங்காது.

ஏர்கானை நீங்கள் எழும்போது அணைக்காதீர்கள். ரிமோட்டை அழுத்தினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம், பின் அதன் மடல் மூடும் சத்தம், அப்புறம் திடீர் நிசப்தம். தொடர்ந்து ஒரே மாதிரி ஓடும் இரைச்சல் தூக்கத்துக்குத் துணை. அதன் பின்னணியில் மற்ற சின்னச் சத்தங்கள் அமுங்கிப் போகும். அது நிற்பதும் ஒரு மாற்றம்தான், மூளை மாற்றத்தைத்தான் கவனிக்கிறது. மின்கட்டணத்துக்காக ஏர்கானை நிறுத்த நினைத்தால், இரவிலேயே டைமர் போட்டு, கூடவே காற்றாடியை முதலிலிருந்தே ஓட விடுங்கள். காற்றாடியைக் காலை வரை யாரும் தொட வேண்டாம்.

இனி நீங்கள் எழுந்த பிறகு வரும் இருபது நிமிடம். பரிசோதனைக்கு வந்த தம்பதிகளிடம் கேட்டதில் எனக்குத் தெரிந்தது, அலாரத்தில் விழிப்பவர்களைவிட இந்த இருபது நிமிடத்தில் விழிப்பவர்களே அதிகம். இதற்கு ஒரே வழி, எழுந்த பின் படுக்கையறைக்குள் உங்களுக்கு எந்த வேலையும் இல்லாமல் செய்வது. எழுந்தீர்களா, வெளியே வந்தீர்களா, கதவைச் சாத்தினீர்களா, அவ்வளவுதான். பிறகு எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

அதற்கு முந்தின இரவே எல்லாம் ஹாலுக்கு வந்துவிட வேண்டும். சீருடை, உள்ளாடை, காலுறை, பெல்ட், வேலை பாஸ், ஈசி-லிங்க் பயண அட்டை, பணப்பை, மூக்குக்கண்ணாடி, எல்லாமே. பெல்ட்டைக் கால்சட்டையில் கோத்தே வையுங்கள், பக்கிள் தரையில் இடிக்காது. சாவிகளை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு வையுங்கள். சிலர் வேலைச் சாமான்களைப் பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில், வைக்கிறார்கள். அந்த இரும்புக் கதவை நாலரைக்குச் சத்தமில்லாமல் திறக்க யாராலும் முடியாது. அங்கே வேண்டாம்.

பெரிய படுக்கையறையோடு சேர்ந்த குளியலறையை இந்த நேரத்தில் மறந்துவிடுங்கள். பல வீவக வீடுகளில் இருக்கும் மடிப்புக் கதவு இழுக்கும்போதே கடகடவென்று அடிக்கும். ஃபிளஷ் தண்ணீர் ஓடி நிற்பதும், தொட்டி மறுபடி நிரம்புவதும் தலைமாட்டுக்கு நேராகக் கேட்கும். சமையலறைப் பக்கத்துக் குளியலறையிலேயே எல்லாவற்றையும் முடியுங்கள். பல் துலக்கும் பிரஷ், சவரச் சாமான், துண்டு எல்லாம் நிரந்தரமாக அங்கே இடம் மாறட்டும்.

படுக்கையறைக் கதவின் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சாத்தும்போது கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடியே கதவைச் சட்டத்தோடு சேர்த்து, பிறகு மெல்லக் கையை விடுங்கள், தாழ் ‘டக்’ என்று விழாது. கதவைச் சாத்திய பிறகுதான் ஹால் விளக்கைப் போட வேண்டும். கதவடி இடுக்கில் வெளிச்சம் புகுந்தால் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைக்கலாம். படுக்கையறையிலிருந்து வெளியே வரும் வரை போன் டார்ச் கூடாது. கால் தட்டும் என்று பயமிருந்தால், ஆளைக் கண்டால் எரியும் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றைக் கட்டிலுக்குக் கீழே தரையோடு ஒட்டலாம்.

வெளிச்சம் என்றதும், இந்த ஊருக்கே உரிய ஒரு சங்கதி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், “ஊரில் நாலரைக்கு அலாரமே இல்லாமல் எழுந்தேனே, இங்கே ஏன் முடியவில்லை?” என்று கேட்பார்கள். சிங்கப்பூர் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து இங்கேயும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். நாம் இருக்கும் தீர்க்கரேகைப்படி பார்த்தால் நம் கடிகாரம் சூரிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக முந்தியிருக்கிறது. ஆண்டு முழுக்க இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. உங்கள் நாலரை, சூரியக் கணக்கில் மூன்றரைகூட ஆகாத நேரம். சென்னையில் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை, அங்கே நாலரை என்பது ஏறக்குறைய உண்மையான நாலரை. ஆகவே உங்களிடம் சோம்பல் எதுவும் இல்லை, உடம்பு சூரியனைக் கேட்கிறது.

இதனால் நீங்கள் எழுந்ததும் சமையலறையில் நல்ல பிரகாசமான விளக்கு வேண்டும். முகத்தில் தண்ணீர், வெளிச்சம், கொஞ்சம் நடை. எழுந்த பின் கால் மணி முதல் அரை மணி வரை தலை மந்தமாக இருப்பது எல்லோருக்கும் இயல்பு. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அந்த நேரத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். விடிந்த பிறகு வேலையிடத்தில் முதல் இடைவேளையில் பத்து நிமிடமாவது வெளியே வெயிலில் நில்லுங்கள். மாறாக, உங்கள் மனைவிக்குத் தேவை இருட்டு. எட்டு மணி வரை தூங்க வேண்டியவரை ஏழு மணி வெயில் எழுப்பக் கூடாது. வெளிச்சம் புகாத கனமான திரைச்சீலை ஒன்று போடுங்கள். இரவு ஷிஃப்ட் வரும் வாரத்தில் பகலில் தூங்கவும் அவருக்கு அது உதவும். அவருக்குப் பிடித்தால் கண்மறைப்பும் காதடைப்பானும் நல்லதுதான். ஆனால் அதை அவர் தலையில் கட்டாதீர்கள், எழுபவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் பல தாய்மார் காதை அடைக்கச் சம்மதிக்கவும் மாட்டார்கள்.

சமையலறையில் குக்கர் விசிலும் மிக்ஸியும் இந்த நேரத்தில் கூடாது, பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மைக்ரோவேவ் கடைசியில் அடிக்கும் பீப்பைத் தவிர்க்க, ஒரு விநாடி மிச்சமிருக்கும்போதே கதவைத் திறந்துவிடுங்கள். முந்தின இரவே பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்தால் கெட்டிலும் வேண்டாம். பசியாறுவதை வேலையிடத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கோப்பிக் கடைகள் பல அதிகாலையிலேயே திறந்துவிடுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி எழுந்து ஒரு வாய் காப்பியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. மனைவியே அப்படி நினைப்பார். வீட்டில் அத்தையோ மாமாவோ இருந்தால், ஒன்றும் பேசாவிட்டாலும், பார்வையில் தெரியும். இதை நீங்கள்தான், உங்கள் வாயால், பெற்றோரிடம் சொல்ல வேண்டும். “அவ ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் படுக்கிறா, அம்மா. காலையில எழ வேண்டாம்னு நான்தான் சொல்லியிருக்கேன்.” இந்த ஒரு வாக்கியம் எந்த மெத்தையையும்விடப் பலன் தரும். பெரியவர்கள் ஐந்து மணிக்கே எழுந்து பக்திப் பாடல் போடுகிறவர்களாக இருந்தால், ஏழு வரை ஒலியைக் குறைக்கச் சொல்லி அன்பாகக் கேளுங்கள். காரணம் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

வாசல் இரும்புக் கேட்டை விட்டுவிடக் கூடாது. பூட்டு கம்பியில் மோதும் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும், தாழ்வாரத்தை ஒட்டிய படுக்கையறையாக இருந்தால் காதுக்குள்ளேயே கேட்கும். பூட்டுக்கும் கேட் சட்டத்துக்கும் இடையில் ஒரு சின்ன ரப்பர் துண்டு ஒட்டுங்கள். பாதுகாப்புக் காலணியை வெளியே போய் மின்தூக்கி அருகே போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நாலரைக்கு எழுபவர் ஒன்பதரைக்குக் கண் அசர வேண்டும். அது குறைந்தால் எந்த அதிர்வுப் பட்டையும் உங்களை எழுப்பாது, நீங்கள் மறுபடி மனைவியை நம்பத் தொடங்குவீர்கள். எல்லாச் சாமானும் ஹாலில் தயாராக இருந்தால் அலாரத்தையே நாலேமுக்காலுக்குத் தள்ளலாம். சவரத்தை இரவுக்கு மாற்றினால் இன்னும் ஐந்து நிமிடம் கிடைக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கோப்பி வேண்டாம். காப்பியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். விடுமுறை நாளிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு எட்டரை வரை தூங்கிவிட்டுத் திங்கள் நாலரைக்கு எழுவது உடம்புக்கு ஒவ்வொரு வாரமும் விமானம் ஏறி இறங்குவது மாதிரி.

இதே ஏற்பாடு அவருக்கும் பொருந்தும். இரவு பத்தரைக்கு அவர் வரும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள். அவர் மாற்றிக்கொள்ளும் துணி, துண்டு எல்லாம் வெளியே இருக்கட்டும், அவரும் ஹாலிலேயே சாப்பிட்டு, ஓய்ந்து, பிறகு உள்ளே வரட்டும். அப்போது நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லாமல் போய்விடுமே என்று தோன்றும். அது நியாயமான கவலைதான். மதிய ஷிஃப்ட் வாரத்தில் அவர் வேலைக்குக் கிளம்புமுன் உங்கள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு போன் என்று வழக்கமாக்கிக்கொள்ளலாம். நடு இரவில் அரைத் தூக்கத்தில் பேசுவதைவிட அது நன்றாக இருக்கும்.

மிகக் கஷ்டமான வாரங்களில், அதாவது அவருக்குத் தொடர்ந்து நாலைந்து நாள் மதிய ஷிஃப்ட் இருக்கும்போது, நீங்கள் ஹாலிலோ இன்னோர் அறையிலோ படுப்பதில் தவறே இல்லை. உறவினர்கள் பார்த்தால் சண்டையோ என்று நினைப்பார்கள் என்று பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். தூக்கமில்லாத தாதி கையில் மருந்து அளவு தவறக் கூடாது, உங்கள் கையில் இயந்திரம் தவறக் கூடாது. அதற்கு முன்னால் உறவினர் பேச்சு பெரிதில்லை. ரமலானில் நோன்புக்கு அதிகாலை எழும் வீடுகளில், உடல்நிலையோ ஷிஃப்ட்டோ காரணமாக நோன்பு வைக்காத ஒருவர் இருந்தால், பல குடும்பங்கள் அந்த மாதம் மட்டும் அவரை வேறு அறையில் படுக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டு விஷயத்துக்கு மருத்துவரைப் பாருங்கள். ஏழு மணி நேரம் தூங்கியும் உங்களால் எழவே முடியவில்லை, பகலில் கண் சொக்குகிறது, நீங்கள் பலமாகக் குறட்டை விடுவதாகவும் நடுவில் மூச்சு நிற்பதாகவும் மனைவி சொல்கிறார் என்றால், பாலிகிளினிக்கில் சொல்லித் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம், அலாரத்தால் தீராது. உங்கள் மனைவிக்கு, நீங்கள் எழாத நாளிலும், வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கலைந்து திரும்ப வராமல், அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. மாத்திரைக்கு முன்னால், தூக்கப் பழக்கத்தையும் எண்ணத்தையும் சீர்படுத்தும் சிகிச்சையைத்தான் முதலில் தருவார்கள், நல்ல பலன் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்த வாரம் அந்தப் பேச்சு, அதிர்வுப் பட்டை, ஹாலில் துணிமணி. இந்த மூன்று மட்டும் போதும். இரண்டு வாரம் கழித்து, “நான் எழுப்பிட்டேனா?” என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார், உங்களுக்காக. “எந்தச் சத்தம் கேட்டது?” என்று கேளுங்கள். வாசல் கேட்டா, குழாயா, கதவா என்று அவர் சரியாகச் சொல்வார். முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.